பொக்கற்றை விடடா

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மூன்று வருடம் அவருடைய அணியில் விளையாடினேன். ஒரு நாளாவது அவர் என் பெயரைச் சொன்னதில்லை. எனக்கு ‘இடது’ என்று பெயர். எனக்கு முன்னால் இடது பக்கம் ஓடியவனுக்கும் அதுதான் பெயர். கோல் காத்தவன் ‘கோலி’, நடுவில் நின்றவன் ‘நடு’. நாங்கள் அவரைக் கோச் என்றோம். கணக்குச் சரி.

முகம் அவருக்கு மனதில் நிற்காது. கால் நிற்கும். கடையில் எதிரே வந்து கைகொடுத்துக் கதைக்கிற ஆளைப் பார்த்து “ஓம், ஓம்” என்று சிரித்துச் சமாளிப்பார். அந்த ஆள் திரும்பி நாலு அடி நடந்ததும், “அட, உவர் சென் ஜேம்ஸ் ரவுணில எங்களுக்கு மேல்மாடியில இருந்தவரெல்லோ!” என்று பின்னால் ஓடுவார். மனிதர்களை அவருக்குப் போகும்போதுதான் தெரியும்.

“என்னைப் பெண் பாக்க வந்திட்டுப் போன ஆள்,” என்று அவர் மனைவி எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். நாங்கள் அன்ரி என்போம். “பொம்பிளை எப்பிடி எண்டு தாய் கேட்டதுக்கு, ‘நல்லது, வலது கால் கொஞ்சம் உள்ளுக்கு’ எண்டு சொன்னவராம். முப்பது வருசமாச்சு. என்ர கண் என்ன வடிவெண்டு கேட்டுப் பாருங்கோ, தெரியாது.”

“பொய் சொன்னனானோ? உள்ளுக்குத்தானே!” என்றார் கோச், மீன் ரோல்ஸைக் கடித்தபடி.

எங்கள் கல்லூரி ஸ்காபரோவில் இருந்தது. இரண்டு மூன்று வருடத்தில் ஒரு தொழிலைப் படித்து டிப்ளோமாவோடு வெளியே வருகிற இடம், பல்கலைக்கழகம் அல்ல. அப்படியான இடத்தின் உதைபந்தாட்டத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை. எங்கள் அம்மாக்களே வருவதில்லை. கோச்சுக்கு ஒரு சீசனுக்கென்று ஏதோ கொடுப்பார்கள். சாப்பாட்டுக்கு அவர் ஸ்கூல் பஸ் ஓட்டினார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வோபர்னில் மார்க்கம் வீதியோரம் இருக்கிற ஒரு கோப்பிக்கடையில், கண்ணாடிப் பக்கத்து மேசையில் வந்து உட்காருவார். எதிரே பஸ் தரிப்பு. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் பார்ப்பதுதான் அவருடைய தொழில்முறை.

“ட்ரையலுக்கு வாறவன் எனக்குக் காட்டுறதுக்கு ஓடுவான்,” என்பார். “உவங்கள் வேலைக்குப் பிந்தப்போறாங்கள். உதுதான் உண்மையான ஓட்டம். அதுவும் பனிக்குள்ள, சப்பாத்தோட, கையில சாப்பாட்டுப் பெட்டியோட ஓடுறான் பார், அவனை நான் விடமாட்டன்.”

என்னை அவர் பிடித்ததும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தை ஒருமாதிரி முடித்துவிட்டு ஒரு பண்டகசாலையில் சப்பாத்துப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அவ்வளவு படித்ததே நான்தான். அப்பா ஐந்தாம் வகுப்பு, அம்மா அதுவும் இல்லை. ஒரு காலை, புறப்பட்டுவிட்ட பஸ்ஸைத் துரத்தி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் இன்னொருவர் ஓடிவந்து ஏறினார். கட்டையான மனிதர், வழுக்கை, கையில் பாதிக் கோப்பி.

“பொக்கற்றில என்ன கிடக்கு தம்பி, தங்கமோ?”

எனக்கு விளங்கவில்லை.

“வலது கையால பொக்கற்றைப் பொத்திக்கொண்டு ஓடுறாய். கையை வீசினால் இன்னும் ரெண்டு அடி முன்னுக்கு வந்திருப்பாய்.”

ஜக்கெற் பொக்கற்றின் சிப் உடைந்திருந்தது. போன் விழுந்துவிடும் என்று பொத்திக்கொண்டு ஓடுவது எனக்குப் பழக்கம். அதைச் சொன்னேன். அவருக்கு அதில் அக்கறை இல்லை.

“எங்கையும் படிக்கிறியோ?”

“இல்லை அண்ணை. வேலை.”

“நல்லது,” என்றார். வேறு யாராவது என்றால் ஏன் படிக்கவில்லை என்று ஒரு பிரசங்கம் வைத்திருப்பார்கள். இவர், “அப்ப இன்னும் ஒரு சீசனும் செலவழியேல்லை,” என்று சந்தோஷப்பட்டார். லீக் விதிப்படி கல்லூரி மாணவன் ஒருவன் மொத்தம் ஐந்து சீசன் விளையாடலாம். என்னில் ஐந்தும் அப்படியே இருந்தன. அவருடைய மஞ்சள் பஸ் கோப்பிக்கடை வாசலில் நிற்க, அவர் என்னோடு எல்ஸ்மியர் வீதி வரைக்கும் வந்து, என் வீட்டு விலாசத்தை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா அப்போதுதான் உணவகத்தில் சமையல் வேலை முடித்து வந்து காலை நீட்டியிருந்தார். நான் ட்றக் லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. படிப்பென்று வந்தவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

“படிச்சு என்ன செய்யப்போறான்? எங்கட பரம்பரையில ஆர் படிச்சது?” என்று தொடங்கினார்.

“அண்ணை, படிப்பைப் பற்றி எனக்கென்ன தெரியும்?” என்றார் கோச். “நான் அதைக் கதைக்க வரேல்லை. எனக்கு இடது பக்கம் ஆள் இல்லை. உங்கட மகன் காலேஜில பேர் பதிஞ்சாத்தான் விளையாட விடுவாங்கள். அதுக்குத்தான் வந்தனான்.”

அப்பா நீட்டியிருந்த காலை மடக்கினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. கோச் போன பிறகு, “முதல்தரமா உண்மை பேசுற மனிசன் ஒண்டு வந்திருக்கு. போய்ச் சேர். ட்றக் எங்க ஓடியா போகப்போகுது?” என்றார்.

கல்லூரியில் எனக்குப் பாடம் தெரிவு செய்ததும் கோச்தான். எனக்கு எதில் விருப்பம் என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டார். நான் யோசிப்பதற்குள் கோச் இடையில் புகுந்து, எந்தப் பாடத்துக்குப் பின்னேர வகுப்பு இல்லை என்று கேட்டார். பயிற்சி பின்னேரம். கட்டடத் தொழில்நுட்பத்துக்குத்தான் எல்லா வகுப்பும் காலையில். இன்றைக்கு நான் கட்டடங்களைப் பரிசோதித்துச் சம்பளம் எடுக்கிறேன் என்றால், அதற்கு வேறு ஒரு காரணமும் இல்லை.

பெயில் விட்டால் விளையாட முடியாது. ஆகவே மதிப்பெண்ணில் அவர் பிசாசாக இருந்தார். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் வான் வண்டியில் பந்தைப் பற்றிக் கதைக்கத் தடை. கணக்குத் தெரிந்தவனை நடுவில் இருத்தி, தெரியாதவர்களைச் சுற்றி இருத்துவார். திரிகோணகணிதம் போய்க்கொண்டிருக்கும், அவர் முன்னால் வானை ஓட்டிக்கொண்டு, “விளங்கிச்சோ இடது? விளங்கிச்சோ?” என்பார். ஒரு முறை நான் நெகிழ்ந்துபோய், எங்கள் படிப்பில் உங்களுக்கு எவ்வளவு அக்கறை கோச் என்று சொல்லிவிட்டேன்.

“ஆருக்கு? எனக்கோ? விசர்க்கதை கதையாதை. நீ பெயில் விட்டால் இடது பக்கத்தில நானோ ஓடுறது?”

அது அடக்கம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. உண்மையாகவே அப்படித்தான்.

அவருக்கு இருந்த ஒரே பயம் ஆள் குறைவது. நான் சேருவதற்கு முந்திய வருடம் ஓர் ஆட்டத்துக்கு ஆள் சேராமல், விளையாடாமலே விட்டுக்கொடுக்க வேண்டி வந்ததாம். விளையாட்டுப் பிரிவை நடத்திய பெண்மணி நல்லவர். நல்லவிதமாகவே சொல்லியிருக்கிறார், இன்னொரு தடவை அப்படி நடந்தால் அணியை மூடுவதைத் தவிர வழியில்லை என்று. மன்னாரில் சின்ன வயதில் விளையாடி, இங்கே வந்து கட்டடம் துடைத்து, பத்து வருடம் சம்பளமில்லாமல் மற்றவர்களின் பந்துப் பையைத் தூக்கி, பழைய கோச் பாதியில் விட்டுப்போனதால் கைக்கு வந்த அணி அது. அந்த எச்சரிக்கைக்குப் பிறகு ஆட்டம் தோற்றால் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார். ஆள் குறைந்தால் சோறு இறங்காது. செப்டெம்பரில் அணிப்பட்டியல் கொடுக்கும்போது, கல்லூரியில் சம்மதித்த எல்லோரையும் அதில் சேர்த்துவிடுவார். பந்தையே தொடாதவர்களும் அதில் இருந்தார்கள்.

இனி நண்டுக்கறிக்கு வருகிறேன்.

என்னுடைய இரண்டாவது சீசனின் கடைசி ஆட்டம். அதற்கு முதல்நாள், கோச்சின் சொந்தக்காரர் ஒருவர் அஜக்ஸில் புதுவீடு குடிபூந்தார். அந்த வீட்டில் ஒரு மகன் இருந்தான். அவன் தேவாலயத்தில் படியேறுவதைக் கோச் பின்னாலிருந்து பார்த்துவிட்டார். அவ்வளவுதான். அணியில் சேர அவனுக்கு ஆசை வரவேண்டும் என்று, எங்களில் வரக்கூடிய எல்லோரையும் குடிபூரலுக்குக் கூட்டிப்போனார். வேதக்கார வீடு, விரதம் ஒன்றும் இல்லை, இறாலும் நண்டும் தாராளம். பையன்கள் ஒரு கை பார்த்தார்கள். எனக்கு அன்று கந்தசஷ்டி தொடக்கம். அம்மா சத்தியம் வாங்கித்தான் அனுப்பியிருந்தார். நான் ஒரு மூலையில் தண்ணீரோடு இருந்தேன்.

“பாவம் இடது,” என்று எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அடுத்தநாள் சிரிப்பதற்கு ஒருவனும் இல்லை. விடிய விடிய வயிற்றாலடி. போனுக்கு மேல் போன். அஜக்ஸ் பையனும் படுக்கை. மத்தியானம் மைதானத்தில் நாங்கள் ஆறு பேர் நின்றோம்: விரதத்தில் நான், குடிபூரலுக்கு வராத நாலு பேர், எல்லோரையும்விடக் கூடத் தின்றும் ஒன்றும் ஆகாத ஒரு கானா நாட்டுப் பையன். உதைபந்தாட்ட விதிப்படி ஓர் அணியில் ஏழு பேராவது நிற்க வேண்டும். ஆறு என்றால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லை என்றால் அணியும் இல்லை.

நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எதிரணி பதினாறு பேரோடு வந்து குதித்துக்கொண்டிருந்தது. கோச் கல்லூரிக் கட்டடத்தை நோக்கி ஓடினார். அவர் மைதானத்தில் ஓடி அன்றுதான் பார்த்தோம். இரண்டு காலும் வெளியே போகிற, தாரா வாத்து மாதிரி ஓர் ஓட்டம். அந்த நிலைமையிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

திரும்பி வரும்போது ஒருவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். கட்டம்போட்ட சமையற்காரக் காற்சட்டை, தலையில் வலைத்தொப்பி. மதுரைப் பக்கத்திலிருந்து சமையற்கலை படிக்க வந்தவன். சூப் பானையோடு நடைபாதையில் அவன் ஓடியதைச் செப்டெம்பரில் கண்டு, ஒரு துளி சிந்தவில்லையே என்று அவனையும் பட்டியலில் போட்டிருந்தாராம்.

“சார், எனக்கு ஃபுட்பால் சுத்தமா வராது சார். அடுப்புல வெங்காயம் கெடக்கு.”

“என்னதான் வரும்?”

“ஊர்ல கபடி ஆடுவேன்.”

“ஓடுறனியோ, பிடிக்கிறனியோ?”

“புடிப்பேன் சார்.”

“அப்ப நீ கோலி,” என்று சொல்லி வலைத்தொப்பியைக் கழற்றினார்.

எழுவர் பதினொருவரோடு ஆடுவதைப் பற்றி விவரிக்க அதிகம் இல்லை. ஆனால் மதுரைக்காரன் பிடித்தான். முதல் பந்தைப் பாய்ந்து பிடித்து, அதன் மேல் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். நடுவர் விசிலுக்கு மேல் விசில்.

“விடு தம்பி! பந்தை விடு!” என்று கோச் கத்தினார்.

“விட்டா போயிரும் சார்!”

எதிரணிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். இடைவேளையில் நாங்கள் மூன்று கோல் பின்னால். கோச்சின் முகம் கலியாணவீட்டு முகம்.

இரண்டாம் பாதியில் என் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. முதல்நாள் இரவு ஒரு தம்ளர் பால் குடித்தது, அவ்வளவுதான். கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன. நான் வெளியே போனால் ஆறு. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். எனக்கு அது தெரியும். கோச்சுக்கும் தெரியும். அவர் கோட்டோரமாக என் பக்கத்துக்கு வந்து நின்றார். பிறகு, பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களைப் பொறுக்கியெடுத்த அந்த மனிதர், இரண்டு வருடமாக மைதானத்தில் என்னிடம் ஓடு ஓடு என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லாத மனிதர், சொன்னார்:

“இடது, ஓடாதை. நில்லு. அது போதும்.”

“ஏலாது கோச். தலை சுத்துது.”

“உன்னைத் தொட்டால் எனக்குக் கார்ட் காட்டுவான். என்ர குரலைப் பிடிச்சுக்கொண்டு நில். இந்தா, தோடம்பழம்.”

“விரதம் கோச்.”

“பழம் ஆகும். இடைவேளையில கோயிலுக்குப் போன் அடிச்சுக் கேட்டனான். ஐயர் சரியெண்டவர்.”

அவர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். எந்தக் கோயிலுக்கு அடித்தார், ஐயரிடம் என்னவென்று கேட்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டேன். கடைசி விசில் வரைக்கும் அவர் கோட்டுக்கு வெளியே நடந்தார், நான் கோட்டுக்கு உள்ளே நடந்தேன். இடுப்பில் நாரி வலி, அன்ரியின் சமையல், மன்னாரில் அவரைத் துரத்திய கழுதை என்று வாய் ஓயாமல் கதைத்தார். பந்து எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

ஆறு–பூச்சியம் என்று தோற்றோம். விசில் ஊதியதும் கோச் மைதானத்துக்குள் பாய்ந்து மதுரைக்காரனைத் தூக்கிச் சுற்றினார். எல்லோரையும் கட்டிப்பிடித்தார். நடுவரையும் கட்டிப்பிடித்தார். வென்றவர்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, யார் வென்றது என்று தங்களுக்குள் கேட்பதுபோல் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அணி பிழைத்தது. நான் மூன்றாவது வருடமும் விளையாடினேன், படித்து முடித்தேன். பட்டமளிப்பு அன்று அம்மா அழுதார், அப்பா தெரியாத ஆட்களுக்கெல்லாம் கைகொடுத்தார். கோச்சும் வந்திருந்தார். செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரி ஒரு மூலையில் நின்றார்.

“எல்லாப் பாடத்தையும் ஒரேயடியாப் பாஸ் பண்ணிப்போட்டாய் என்ன,” என்றார் மனத்தாங்கலாக. “ரெண்டு சீசனை வீணாக்கிப்போட்டாய்.”

அதற்குப் பிறகு அவர் ஒரு முறையும் எனக்குப் போன் எடுத்ததில்லை. எனக்குக் கொஞ்சம் நொந்தது. ஆனால் பொய் சொல்லி என்னைச் சேர்க்கவில்லையே அவர்.

இரண்டு மூன்று வருடம் கழித்துக் கேள்விப்பட்டேன், கல்லூரி அணியை மூடிவிட்டதென்று. ஆள் குறைந்ததால் அல்ல. இருபத்திரண்டு பேர் இருந்தார்களாம். மைதானம் வாகனத் தரிப்பிடத்துக்குத் தேவைப்பட்டது. அவர் எத்தனை பேரைப் பிடித்து வந்தாலும் அதை நிறுத்தியிருக்க முடியாது.

எங்கள் குடும்பம் இப்போது அஜக்ஸில் இருக்கிறது. போன மார்ச்சில் வோபர்னில் ஒரு பழைய அடுக்குமாடியைப் பரிசோதிக்க வந்தவன், கோப்பி வாங்க அந்தக் கடைக்குள் போனேன். வாசலில் மஞ்சள் பஸ். கண்ணாடிப் பக்கத்து மேசையில் அவர். தாடி நரைத்திருந்தது.

“கோச்!” என்றேன்.

“ஓம், ஓம், இருங்கோ தம்பி,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பெயரைச் சொன்னேன். “ஓம், ஓம்,” என்றார். கடைசியில் வெட்கத்தை விட்டு, “நான் இடது கோச்,” என்றேன்.

“எந்த இடது?”

அதற்கு மேல் நான் முயலவில்லை. அவராகவே கதைத்தார். சின்னக் கல்லூரி ஒன்று புதிதாக அணி தொடங்கலாமா என்று பார்க்கிறதாம். கோடைக்குள் ஆள் சேர்த்துக் காட்டினால் செப்டெம்பரில் தொடங்கலாம், இல்லாவிட்டால் இல்லை.

“எத்தினை பேர் சேர்ந்திருக்கு?”

“நாலு பேர்,” என்றார். கண் வீதியை விட்டு விலகவில்லை. “இப்ப ஒருத்தரும் ஓடுறாங்கள் இல்லை தம்பி. பஸ் எங்க வருதெண்டு போன் சொல்லுது. ஆறுதலா நடந்து வந்து ஏறுறாங்கள்.”

அவர் அதை ஒரு பகிடியாகத்தான் சொன்னார். நான் சிரித்துவிட்டு, வேலை இருக்கிறதென்று எழுந்து வெளியே வந்தேன். காரின் திறப்புச் சாவி கையில் இருந்தது. எதிரே நின்ற பஸ், தரிப்பை விட்டு மெல்ல நகரத் தொடங்கியது.

நான் ஓடினேன். உருகின பனிச் சேற்றுக்குள், வேலைச் சப்பாத்தோடு, ஓட்டமென்றால் ஓட்டம். வலது கை தன்பாட்டில் போய் ஜக்கெற் பொக்கற்றைப் பொத்திக்கொண்டது.

பின்னால் கடைக் கதவு அடிபட்டுத் திறந்த சத்தம்.

“பொக்கற்றை விடடா!”

கையை விட்டேன். சாரதி பாவம் பார்த்து நிறுத்தினார். படியில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். கோச் ஜக்கெற்றும் இல்லாமல் வீதியோரம் நின்று, இரண்டு விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

“இடது! உனக்கு இன்னும் ரெண்டு சீசன் கிடக்கடா!”

அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன். மேசையில் மறந்துவிட்டுப் போன என் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கடை வாசலிலேயே நின்றார். நான் கிட்ட வரும்வரைக்கும் கால்களைத்தான் பார்த்தார்.

“பின்னேர வகுப்பு இல்லாத பாடம் ஒண்டு அங்க கிடக்கு,” என்றார். “அப்பாவோட நான் வந்து கதைக்கட்டோ?”

“வேண்டாம் கோச்,” என்று கோப்பியை வாங்கினேன். “இந்த முறை நானே சொல்லுறன்.”